வெந்நீர்க்காரன்

ஜனவரி 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நானும் சுவர்க்கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு வாரம் ஒருமுறை நான் சாவி கொடுக்கிறேன். எனக்கு யார் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நீங்கள் போன் செய்ததாகப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னாள். மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் "ஆங்? ஆங்?" என்று கத்த, நீங்கள் அங்கே தொண்டை கிழியக் கத்த, கடைசியில் இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்காமல் வைத்திருப்போம். ஒரு ஆயுள் முழுக்க அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புரூஃப் பார்த்தவனுக்குக் கிடைத்த பென்ஷன் இந்தக் காது. அதனால் எழுதுங்கள். என் மகளும் இருந்தவரை எழுதித்தான் என்னோடு பேசினாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதிப்பகத்துக்காரர் வந்திருந்தார். என் காதுக்காக ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "நாவல் வருகிறது என்று விளம்பரம் கொடுத்தாகிவிட்டது. கடைசி அத்தியாயத்தை எழுதி வைத்து போயிருப்பாரா?" ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. பழக்கதோஷம், பென்சிலை எடுத்து அதைத் திருத்திவிட்டுத்தான் பதில் சொன்னேன். அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். ஓர் ஒற்றுக்காக யாராவது அழுவார்களா?

என்னிடம் பதினைந்து அத்தியாயங்கள் இருக்கின்றன. அவள் ஒவ்வொரு நாவலையும் எனக்குத்தான் முதலில் அனுப்புவாள் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் பந்தயமும் தெரிந்திருக்கும். கடைசி அத்தியாயம் வருவதற்கு முன் நான் ஒரு தபாலட்டையில் குற்றவாளி யார் என்று எழுதிப் போட வேண்டும். தோற்றவர் அடுத்த கடிதத்தை "துப்பறியும் சிங்கத்துக்குத் தோற்றவன் வணக்கம்" என்று தொடங்க வேண்டும். ஒரு தடவைகூட நான் அப்படித் தொடங்கியதில்லை. அவள்தான் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு "தோற்றவள் வணக்கம்" போடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிறவனிடம் ஒளித்துவைக்க முடியுமா?

ஆனால் இந்த நாவலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பனி கொட்டும் ஒரு வடக்கத்தி ஊர். அந்த வருஷத்திலேயே கொடிய குளிர் அடித்த ஒரு ராத்திரி. மறுநாள் காலையில் காய்ச்சலில் தனியாகக் கிடந்த தையல்காரி ஜன்னலோரம் நாற்காலியில் விறைத்துக் கிடக்கிறாள், கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது. கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. தெருவில் மற்ற வீடுகளெல்லாம் கதகதவென்று இருக்க, இவள் வீடு மட்டும் ஐஸ்பெட்டி. விசாரிக்க வருகிற பெண் இன்ஸ்பெக்டருக்கு எந்நேரமும் மூக்கு ஒழுகுகிறது, ஊரார் வைத்த பெயர் "ஜலதோஷம்." எனக்கு அந்த அம்மாளை ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் குற்றவாளியைப் பிடிக்காமல் பாதியில் நிற்பது எனக்கு முள்ளாகக் குத்துகிறது.

மிச்ச அத்தியாயங்கள் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். ஒரு வார்த்தையும் மாற்ற மாட்டேன். பிழை மட்டும் பார்ப்பேன். எழுதியவர் எழுத்தில் கை வைக்கிற பாவத்தை நான் செய்ததே இல்லை.

உங்கள்
மாமா


ஜனவரி 24

மாமாவுக்கு,

லெட்டர் வந்துச்சு. எழுத்துத் தமிழ் எனக்கு வராது. "இஞ்சினியர் லெட்டர் எழுதினா மீட்டர் ரீடிங் எழுதின மாதிரிதான் இருக்கும்"னு அவ சொல்லுவா. பேசற மாதிரியே எழுதறேன், மன்னிச்சுக்குங்க.

சாப்பிடறேன். ருசி தெரியல, ஆனா சாப்பிடறேன்.

அவ கம்ப்யூட்டர்ல மொத்தம் பத்தொன்பது அத்தியாயம் இருக்கு. உங்ககிட்ட இல்லாத நாலையும் பிரிண்ட் எடுத்து இதோட வச்சிருக்கேன். இருபதுன்னு ஒரு பக்கம் தொறந்து வச்சிருக்கா. நம்பர் மட்டும் போட்டிருக்கு. கீழ ஒண்ணுமில்ல. அந்தப் பக்கத்த மூடறதா வேண்டாமான்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு. வேண்டாம்னு அழுத்திட்டு அப்படியே விட்டுட்டேன்.

நான் வேலைக்குத் திரும்பிட்டேன். எங்க நிலையத்துல பெரிய பாய்லர்ல தண்ணியக் காய்ச்சி, தெருவுக்கு அடியில போற குழாய் வழியா ஊர் பூரா வீடுங்களுக்கு அனுப்பறோம். அந்தச் சூட்டுலதான் இங்க ஜனங்க உயிரோட இருக்காங்க. நான் கண்ட்ரோல் ரூம்ல உக்காந்து எந்தத் தெருவுல சூடு எறங்குதுன்னு பாக்கறேன். கூட வேலை பாக்கற மீசைக்காரர் முதல் நாளே, "எதுக்குய்யா வந்த? வீட்ல இரு"ன்னாரு. "வீட்ல என்ன பண்றது?"ன்னேன். "அதுவும் சரிதான்"ன்னுட்டு டீய என் பக்கம் தள்ளினாரு. நல்ல மனுஷன்.

அந்த நாவல்ல வர்ற வெந்நீர்க்காரன் நான்தான், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வீட்ல என்னை அப்படித்தான் கூப்பிடுவா. "ஏய் வெந்நீர்க்காரா, ஒரு வீட்டுக்கு மட்டும் சூட்ட நிறுத்த முடியுமா?"ன்னு சாப்பிடும்போது கேப்பா. முடியும், தெருக்குழிக்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வால்வு இருக்கு, ஆனா குழி மூடியத் தூக்கி வால்வத் திருப்ப நீளமா ஒரு சாவி வேணும், அது எங்ககிட்ட மட்டும்தான் இருக்கும்னு சொன்னேன். எழுதிக்கிட்டா. ஒரு நாள் அந்தச் சாவி ஒடஞ்சு வெல்டிங் கடையில கெடக்குன்னு வீட்டுக்கு வந்து பொலம்பினேன். அதையும் ஆறாவது அத்தியாயத்துல ரொட்டிக்கடையில நின்னு அவன் பொலம்பற மாதிரி போட்டுட்டா. "என் பொழப்பு உனக்குக் கதையா?"ன்னேன். "உன் பொழப்புல கதை இருக்கறதே எனக்குத்தானே தெரியும்"ன்னா.

வீட்ல அந்த வெந்நீர் ஓடற ரேடியேட்டரோட குமிழ் அவ வச்ச எடத்துலயே இருக்கு. அவளுக்கு எப்பவும் குளிரும், கூட்டிக்கிட்டே இருப்பா. எனக்கு வேர்க்குது. குறைக்கல.

உங்க
மாப்பிள்ளை


பிப்ரவரி 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான்கு அத்தியாயங்களும் வந்தன. படித்தேன், மறுபடியும் படித்தேன். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, கையில் பென்சிலோடு உட்கார்ந்தேன். அவள் போன பிறகு இப்போதுதான் எனக்குப் பசி எடுத்தது.

கண்டுபிடித்துவிட்டேன்.

ரொட்டிக்கடைக்காரன் இல்லை. அவன் தையல்காரியோடு சுவருக்காகச் சண்டை போட்டது நம்மைத் திசை திருப்ப வைத்த பொறி. மருந்துக்கடைக்காரரும் இல்லை; அவர் கோழை. வெந்நீர்க்காரன்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், அவனுக்கும் உங்களுக்கும் பெயர்தான் ஒன்று. யோசித்துப் பாருங்கள். வால்வு இருக்கிற குழியைத் திறக்கிற சாவி யாரிடம் இருக்கிறது? அவனிடம் மட்டும்தான். அவன் ஏதோ ரிப்பேருக்காக அந்த வீட்டு வால்வை மூடியிருக்கிறான். மறுபடி திறக்க மறந்துவிட்டான். காலையில் செய்தி கேட்டதும் ஓடிவந்து யாருக்கும் தெரியாமல் திறந்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி கூட்டத்தில் நிற்கிறான். பதினேழாம் அத்தியாயத்தில் அவன் அவள் ஜன்னலை நிமிர்ந்து பார்க்காமல் போகிறான் என்று ஒரு வரி வருகிறதே, அங்கேதான் என் மகள் எனக்குக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறாள். வெறுப்பு இல்லை, பகை இல்லை. கவனிக்காமல் விட்டான், அவ்வளவுதான். கவனிக்காமல் விடுவதும் கொலைதான்.

தபாலட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த விலாசத்துக்குப் போடுவது என்று தெரியாமல் மேஜைமேல் இருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். கேட்கலாமா என்று பல நாள் யோசித்தேன். போன மழைக்காலத்தில் அவள் எழுதிய ஒரு கடிதத்தில் "தலைவலி அப்பா, கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி" என்று எழுதியிருந்தாள். உங்களிடம் சொல்லவில்லையா?

உங்கள்
மாமா


பிப்ரவரி 25

மாமாவுக்கு,

சொன்னா. ராத்திரி கம்ப்யூட்டர் பாக்கறதாலன்னு நெனச்சோம். கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கண்ணாடி மாத்தினாங்க. புதுக் கண்ணாடி போட்டதும் வலி விட்டுப்போச்சுன்னு சொன்னா. உங்களுக்கும் அத எழுதியிருப்பான்னு நெனச்சேன்.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்க கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. லைப்ரரிக்கு வெளிய பஸ் ஸ்டாப்ல நின்னுட்டிருந்திருக்கா. பக்கத்துல நின்ன ஒரு அம்மா சொன்னாங்க, "மணி என்ன ஆச்சுன்னு என்கிட்ட கேட்டாங்க, நான் பாத்துச் சொல்றதுக்குள்ள ஒக்காந்துட்டாங்க"ன்னு. அந்த அம்மா தன் கோட்டக் கழட்டி அவளுக்குப் போத்திட்டு, அந்தக் குளிர்ல வெறும் ஸ்வெட்டரோட நின்னிருக்காங்க. நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. பொறந்ததுலருந்தே மூளையில ஒரு ரத்தக்குழாய் மெலிசா இருந்திருக்கு, அது தானா வெடிச்சிருக்கு, முன்னாடியே தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லன்னு டாக்டர் சொன்னாரு. ஒரு படம் போட்டுக் காமிச்சாரு. நான் தலையாட்டினேன். குழாய் விஷயம் எனக்குப் புரியும்.

நாவல் பத்தி ஒண்ணு சொல்லணும். உங்க முதல் லெட்டருக்கே சொல்லியிருக்கணும். பந்தயம்னு எழுதியிருந்தீங்க, அதக் கெடுக்க மனசு வரல. முடிவு என்னன்னு அவ என்கிட்ட சொல்லிட்டா.

யாரும் கொல்லல மாமா.

எங்க வேலையில இது எப்பவாவது நடக்கும். வால்வுக்குள்ள ஒரு தகடு இருக்கும், மேல தண்டத் திருப்பினா அது ஏறி எறங்கும். வருஷக்கணக்கா தண்ணில ஊறி தகட்டுக்கும் தண்டுக்கும் நடுவுல இருக்கற பிடி அரிச்சுப்போகும். ஒரு நாள் தகடு தானா கழண்டு விழுந்து வழிய அடச்சுடும். யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. வெளிய இருந்து பாத்தா வால்வு தொறந்திருக்கற மாதிரியேதான் தெரியும். போன வருஷம் அப்படி ஒண்ணக் கழட்டினோம், வீட்ல வந்து சொன்னேன். கையில இருந்த கரண்டிய அப்படியே வச்சுட்டா.

"இதுதான். இதான் என் கடைசி அத்தியாயம்"ன்னா.

"எது?"

"குளிர் முடிஞ்சு தெருவத் தோண்டறாங்க. ஜலதோஷம் மேடம் குழிக்குள்ள எட்டிப் பாக்கறாங்க. தகடு விழுந்து கெடக்கு. அவ்வளவுதான்."

"அப்ப குற்றவாளி?"

"இல்ல."

"இல்லாத ஆளத் தேடறதுக்கா இருபது அத்தியாயம்?"

"அதுக்குத்தான்டா இருபது அத்தியாயம். ஊரே ஒரு ஆளத் தேடுது. கெடச்சா நிம்மதியாத் தூங்கலாம்னு பாக்குது. கெடைக்க மாட்டான்."

"உங்கப்பா சண்டைக்கு வருவாரு."

"வரட்டும். முதல் தடவையா தோக்கப்போறாரு. அந்த வணக்கத்த நான் பிரேம் போட்டு மாட்டப்போறேன்."

அன்னைக்கு அவ்வளவு சிரிச்சா. ஆறாவது அத்தியாயத்துல சாவிய வெல்டிங் கடையில போட்டதே வெந்நீர்க்காரன் மேல பழி விழாம இருக்கத்தான்னு சொன்னா. "பாவம், நீ மாட்டிக்கக் கூடாதுல்ல"ன்னா.

அவ சொன்னபடி கடைசி அத்தியாயத்த நீங்களே எழுதிடுங்க மாமா. உங்க தமிழ் அவ தமிழ் மாதிரியே இருக்கும்.

உங்க
மாப்பிள்ளை


மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். எழுதினால் தப்பாக ஏதாவது வந்துவிடும் என்று. இப்போதும் வரும் போலத்தான் இருக்கிறது.

குற்றவாளி இல்லாத துப்பறியும் நாவலா? என் மகளா எழுதுவாள்? எட்டு வயதில் என் மடியில் உட்கார்ந்து, நான் படித்துக்காட்டிய கதைகளில் "அப்பா, இவன்தான், இவன்தான்" என்று துள்ளியவள். தாயில்லாத பிள்ளைக்கு நான் கொடுத்தது அது ஒன்றுதான்: என்ன நடந்தாலும் கடைசிப் பக்கத்தில் ஏன் என்று தெரியும், யார் என்று தெரியும். தகடு விழுந்ததாம். அதுவாக விழுந்ததாம். வாசகன் புத்தகத்தை எறிவான். நானே எறிவேன்.

விளையாட்டுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். நீங்கள் அதை முடிவு என்று பிடித்துக்கொண்டீர்கள். சாவி வெல்டிங் கடையில் இருந்தது என்கிறீர்கள். அது ரொட்டிக்கடையில் அவன் வாயால் சொல்வது. குற்றவாளி தன் வாயால் சொல்வதை எந்த இன்ஸ்பெக்டராவது சாட்சியாக எடுத்துக்கொள்வாளா?

தானாக வெடித்தது, தானாக விழுந்தது, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. கையாலாகாதவர்கள் எல்லாரும் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். தலைக்குள் ஆணி அடிக்கிறது என்று சொன்ன பெண்ணுக்குக் கண்ணாடி மாற்றினீர்களாம். ஊர் பூராவும் எந்தத் தெருவில் சூடு இறங்குகிறது என்று உட்கார்ந்து பார்க்கிறவர் நீங்கள். உங்கள் வீட்டில் இறங்கியது உங்களுக்குத் தெரியவில்லை.

எழுதக் கூடாது என்று நினைத்ததை எழுதிவிட்டேன். அடித்துவிடலாம். ஆனால் நான் எழுதியதை அடிக்கிறவன் இல்லை, மற்றவர்களுடையதையும் அடித்ததில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

பதிப்பகத்துக்காரருக்கு இந்த மாதக் கடைசிக்குள் முடிவு வேண்டும். என்னால் முடியவில்லை. அவள் மாதிரி ஒரு வரி எழுதிப் பார்த்தேன், புரூஃப்காரன் வரியாகத்தான் வருகிறது.

மாமா


மார்ச் 24

மாமாவுக்கு,

நீங்க எழுதினது நியாயம். எனக்குக் கோவம் வரல. கோவம் வந்தா நல்லா இருக்கும்னு உக்காந்து பாத்தேன், வரல.

கடைசி அத்தியாயத்த நான் எழுதிட்டேன். இதோட இருக்கு. நீங்க சொன்னபடியே எழுதியிருக்கேன். வெந்நீர்க்காரன்தான். ரிப்பேருக்காக வால்வ மூடறான், வீட்டுக்குப் போய் தூங்கிடறான். மறந்துடறான். ஜலதோஷம் மேடம் கண்ட்ரோல் ரூமுக்கு வந்து அவன் எதிர்ல ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்து மூக்கத் தொடச்சுக்கிட்டு, "அந்த ராத்திரி உனக்குத் தூக்கம் வந்துச்சா?"ன்னு கேக்கறா. "வந்துச்சு மேடம்"னு சொல்றான். அவ்வளவுதான் பேசறான். அவ வாசல் பக்கம் கைய நீட்டறா, அவன் எந்திரிச்சு அவ கூடப் போறான்.

என் தமிழ்தான், அதனால பேச்சு மட்டும் எழுதிட்டேன். நடுவுல பனி, தெரு, வானம் எல்லாம் அவ பழைய அத்தியாயங்கள்லருந்து எடுத்து ஒட்டியிருக்கேன். ஒட்டு தெரியாது. வால்வு, குழாய் விஷயமெல்லாம் சரியா இருக்கான்னு செக் பண்ணிட்டேன். அந்த வீட்டுக் குழாய் எவ்வளவு நேரத்துல ஆறும்னு கணக்குப் போட்டுப் பாத்தேன், கதைக்குப் பொருந்துது. இந்த வேலைதான் எனக்குத் தெரியும்.

அவ முன்னாடி எழுதின எதையும் நான் தொடல. ஒரு எழுத்துகூட. நீங்களும் தொட மாட்டீங்கன்னு தெரியும். புரூஃப் நீங்கதானே பாப்பீங்க? எல்லா அத்தியாயத்தையும் முதல்லருந்து நிதானமாப் பாருங்க மாமா. ஆறாவதும் பாருங்க.

அந்த அத்தியாயத்த மீசைக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். அவருக்கு நம்ம பாஷை தெரியாது, அர்த்தம் சொன்னேன். "இந்த ஆள் ஏன் 'நான் மூடல'ன்னு சொல்லல?"ன்னு கேட்டாரு. "யார் கேட்டா சொல்றதுக்கு?"ன்னேன். "பைத்தியக்காரா, வா, பம்பப் பாக்கலாம்"னு கூட்டிட்டுப் போயிட்டாரு.

மாப்பிள்ளை


ஏப்ரல் 19

மாப்பிள்ளைக்கு,

நாவல் வந்துவிட்டது. ஒரு பிரதி தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அட்டை கொஞ்சம் அசிங்கம்தான், கத்தி ஒன்று வரைந்திருக்கிறார்கள். கதையில் கத்தியே இல்லை என்றேன். "கத்தி இருந்தாத்தான் சார் கையில எடுப்பாங்க" என்று எழுதிக் காட்டினார் பதிப்பகத்துக்காரர்.

கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நன்றாக எழுதியிருக்கிறீர்கள். "வந்துச்சு மேடம்" என்ற இடத்தை நான் மறுபடி ஒரு தடவை படித்தேன்.

புரூஃப் நானே பார்த்தேன். நீங்கள் சொன்னபடி முதலிலிருந்து நிதானமாகப் பார்த்தேன். பிழை என்று பட்டதை எடுத்துவிட்டேன்.

முன்பு எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் இருந்தது. இப்போது வருகிறது. எப்படி என்று கேட்காதீர்கள். புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன். கடைசிப் பக்கம் வரை படிக்கிறேன், விளக்கை அணைக்கிறேன்.

இனி நாவலைப் பற்றி நாம் எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை. வேறு எதைப் பற்றி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வயது இருக்கிறது உங்களுக்கு.

இப்படிக்கு
அவளுடைய அப்பா


மே 6

துப்பறியும் சிங்கத்துக்குத் தோத்தவன் வணக்கம்.

புக் வந்துச்சு. வேலை முடிஞ்சு வந்தப்ப கதவுல மாட்டியிருந்துச்சு. அவ கோட்டு மாட்டற ஆணிக்குக் கீழ ஒக்காந்து பிரிச்சேன்.

கடைசிப் பக்கத்துக்குப் போகல. நேரா ஆறாவது அத்தியாயத்துக்குப் போனேன். ரொட்டிக்கடை, தையல்காரி சாகறதுக்கு முந்தின நாள். வெந்நீர்க்காரன் உள்ள வர்றான், கால்ல இருந்த பனிய உதறறான், "ஒரு பன்னு குடுங்க"ன்னு கேக்கறான். கடைக்காரர் எடுத்துக் குடுக்கறாரு. வெளிய போயிடறான்.

அதுக்கு நடுவுல அவ எழுதின வரி எனக்கு மனப்பாடம். "சாவி ஒடஞ்சு வெல்டிங் கடையில கெடக்கு. இந்த வாரம் பூரா ஒரு குழியையும் தொறக்க முடியாது" என்று அலுத்துக்கொண்டான். கடைக்காரர், "ஆமாப்பா, நானும் பாத்தேன், பட்டறை வாசல்ல சாத்தி வச்சிருந்தாங்க" என்றார். நீங்க சொன்னீங்களே, அவன் வாயால சொன்னா சாட்சி ஆகாதுன்னு. ரொட்டிக்கடைக்காரர் பாத்தேன்னு சொல்றாரு மாமா. அது ஒரு வரிதான். அத அவ எனக்காகப் போட்டா.

அந்த வரிய நான் வேணும்னேதான் தொடாம விட்டேன். கடைசி அத்தியாயம் எழுதும்போது அதப் பாத்துக்கிட்டேதான் எழுதினேன். இது இருந்தா அவன் வால்வ மூடியிருக்க முடியாது, முடிவு நிக்காது, புரூஃப் பாக்கற யாருக்கும் இது தெரியும், மாமாவுக்குக் கண்டிப்பாத் தெரியும்னு நெனச்சேன். பென்சில கீழ வச்சுட்டு, "மாப்பிள்ளை, இவன் இல்லை" அப்படின்னு ஒரு தபாலட்டை போடுவீங்கன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் எழுதினேன். நான் வச்ச பந்தயம் அது.

புக்ல அந்த வரி இல்ல. அது இருந்த எடத்துல இடைவெளிகூட இல்ல. அடுத்த வரிய மேல ஏத்தி ரொம்ப சுத்தமாக் கட்டியிருக்கீங்க. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டாலும் தெரியாது.

மறுபடி தூக்கம் வருதுன்னு எழுதியிருந்தீங்க. அது போதும். அவன் இல்லன்னா நீங்க இனிமே யாரத் தேடுவீங்க? இந்த வயசுல எங்க போய்த் தேடுவீங்க? யாராவது ஒருத்தன் இருந்தாகணும்னா நானே இருந்துட்டுப் போறேன்.

இங்க குளிர் விட்டுடுச்சு. தெருவுல பனி கரைஞ்சு சகதியா ஓடுது. அடுத்த வாரம் ஊருக்கு சூடு அனுப்பறத நிறுத்திடுவோம், வருஷா வருஷம் செய்யறதுதான். பெரிய வால்வ மூடற வேலை இந்தத் தடவை எனக்கு விழுந்திருக்கு. மீசைக்காரர், "நான் மூடறேன், நீ வீட்டுக்குப் போ"ன்னாரு. இல்ல, நானே மூடறேன்னு சொல்லிட்டேன்.

வீட்ல குமிழ் அவ வச்ச எடத்துலயேதான் இருக்கும். சூடுதான் வராது.

இப்படிக்கு
வெந்நீர்க்காரன்